ஆசும் ஆர்கானும்

யாப்பிலக்கணம் நடத்தும்போது 'ஆசிடை நேரிசை வெண்பா' வருகிற அன்று வகுப்பு சற்றே விழித்துக்கொள்ளும். முதற்குறளும் தனிச்சொல்லும் ஒட்டாமல் விலகி நிற்கும் இடத்தில் ஓரசையோ ஈரசையோ சேர்த்து இணைப்பது ஆசு. பொற்கொல்லர் நகையின் இரு துண்டுகளைப் பற்றாசு வைத்துப் பொருத்துவதை உரைகாரர்கள் இதற்கு உவமையாகக் காட்டினார்கள். "வெல்டிங்கா ஐயா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும். வெல்டிங் இல்லை. அது ஏன் இல்லை என்பதை எங்களுக்கு விளங்க வைத்தவர் எந்த உரையாசிரியரும் அல்லர், எங்கள் தம்பிதான்.

நாங்கள் இருவரும், கணவனும் மனைவியுமாக, தமிழ் முதுகலை படித்துவிட்டுக் கல்லூரியில் பாடம் சொல்கிறோம். தம்பி ஐ.டி.ஐ. முடித்து, துவாக்குடியில் கொதிகலன் பாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் தொழில் பழகியவன். திருச்சிக்காரர்களுக்கு இதில் வியப்பு இராது. பாரத மிகுமின் நிறுவனமும், அதன் வளாகத்தில் 1975இல் தொடங்கப்பட்ட பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் அந்த வட்டாரத்தையே வெல்டர்களின் நாடாக்கிவிட்டன. 2006இல் அவன் ஷார்ஜாவுக்குப் போனான். இப்போது அங்கே தொழிற்பேட்டைச் சந்து ஒன்றில், கடலில் ஓடிக் களைத்த பழைய ஜெட் ஸ்கீகளின் அலுமினியப் புகைக்குழாய்களை வெட்டி, மாற்றி, ஒட்டிக் கொடுக்கிறான். 2023 டிசம்பர் விடுமுறையில் பத்து நாட்கள் அவனோடு இருந்தோம். பெரும்பொழுது பட்டறையில்தான் கழிந்தது.

இலக்கியம் பேசுமிடத்தில் புகைக்குழாய்க்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். சற்றே பொறுத்தருள்க.

டூ ஸ்ட்ரோக் எந்திரத்தின் புகைக்குழாய் வெறும் கழிவுவழி அன்று. அதன் நடுவயிறு பருத்திருக்கும், இரு முனைகளும் சிறுத்திருக்கும். பார்ப்பதற்கு மீனை விழுங்கிய பாம்பு. சிலிண்டரிலிருந்து வெடித்துக் கிளம்பும் அழுத்த அலை, விரியும் கூம்பில் நுழைந்ததும் பின்னோக்கி ஓர் உறிஞ்சலை அனுப்புகிறது. அது மிச்சப் புகையை வெளியே இழுக்கும். அலை மேலும் சென்று குவியும் கூம்பில் மோதித் திரும்புகையில், வாயிலுக்கு வெளியே நழுவிய புதுக்கலவையைக் கதவு அடைபடுமுன் உள்ளே தள்ளிவிடும். வால்வு இல்லை, நெம்பு இல்லை. குழாயின் வடிவமும் ஒலியின் வேகமுமே இவ்வளவையும் செய்கின்றன. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் இந்த வித்தையைச் செம்மைப்படுத்தியவர் வால்டர் காடன். 1961இல் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பியோடினார். அந்த அறிவு ஜப்பானின் சுசுகிக்குப் போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டே சுசுகி 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றது. ஒரு குழாயின் வளைவுக்காக நாடுவிட்டு நாடு ஓடிய கதை. எங்கள் புதின ஆசிரியர்கள் எவரும் ஏன் இதைத் தொடவில்லை என்பது வேறு பேச்சு.

கவாசாகி 1973இல் நின்றபடி ஓட்டும் ஜெட் ஸ்கீயைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, இந்த எந்திரம் கடலேறியது. மூடிய ஓட்டுக்குள் கொதிக்கும் குழாயை வைக்க முடியாது. ஆகவே குழாய்க்கு இரட்டைச் சுவர் வைத்து, இடையில் கடல்நீரை ஓடவிட்டார்கள். சில வகைகளில் கொஞ்சம் நீரைப் புகையோடும் கலக்கிறார்கள். புகை குளிர்ந்தால் ஒலி மெதுவாகும். ஒலி மெதுவானால், குழாய் நீளாமலே நீண்டதாகிவிடும்! குறைந்த வேகத்தில் எந்திரத்துக்கு அந்த நீளம் வேண்டும். இதைத் தம்பி விளக்கியபோது, அளபெடையில் நீளும் எழுத்துதான் எங்களுக்கு நினைவு வந்தது. அவனிடம் சொல்லவில்லை, சிரித்திருப்பான்.

குளிர்விக்க வந்த நீரே குழாயைத் தின்னவும் செய்கிறது. உப்பு நீர் உலராமல் தங்கும் இடங்களில் அலுமினியம் குழிகுழியாக அரித்து வெண்பொடியாகிறது. வெளிச்சுவர் பொத்தால் ஓட்டுக்குள் நீர் சேரும், கண்டுகொள்ளலாம். உட்சுவர் பொத்தால் கடல் சத்தமில்லாமல் சிலிண்டருக்குள் போய்விடும், எந்திரம் இறுகிவிடும். அதைச் சரிசெய்ய வெளிச்சுவரில் ஜன்னல் போல வெட்டித் திறந்து, உள்ளே ஒட்டி, வெட்டிய துண்டை மீண்டும் வைத்து மூட வேண்டும்.

ஒட்டுவதற்கு முன்பான வேலைதான் பெரிது. கரி, எண்ணெய், உப்பு மூன்றும் வார்ப்பின் நுண்துளைகளில் ஊறியிருக்கும். தேய்த்து, கழுவி, தீயால் வாட்டி, வியர்ப்பதைத் துடைத்து, மீண்டும் வாட்டுகிறான். ஈரமோ எண்ணெயோ மிஞ்சினால் ஹைட்ரஜன் உருகிய உலோகத்தில் கரைந்து, ஆறும்போது குமிழாகி நிற்கும்; ஒட்டு பணியாரம் போலாகிவிடும். துரு போன ஓரங்களை அவன் சுரண்டிக்கொண்டே போவதைப் பார்த்தோம். பளிச்சென்ற உலோகம் வரும்வரை நிறுத்துவதில்லை. காசளவு ஓட்டை உள்ளங்கையளவு ஆயிற்று. ஏட்டில் செல்லரித்த இடத்தை ஊகத்தால் நிரப்ப அவசரப்படுகிற பதிப்பாசிரியர்கள் சிலர் அருகில் நின்று பார்த்திருக்கலாம்.

பிறகு ஆர்கான் வெல்டிங். தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படிந்த ஆக்சைடு தோலோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். உள்ளே நீராகிவிட்டதைத் தோல் காட்டிக்கொடுக்காது. மாறுமின்னோட்டத்தின் ஒரு பாதி அந்தத் தோலைக் கலைக்கிறது, மறுபாதி உலோகத்தை உருக்குகிறது. ஆர்கான் வாயு காற்றை அண்டவிடாமல் காக்கிறது.

"இரும்பு செவந்து சொல்லும் அண்ணி. இது சொல்லாது. செவக்கும்னு காத்திருந்தா பொத்துனு கீழ விழுந்துரும்."

"அப்புறம் எப்படித்தான் தெரியும்?"

"ஓரம் ரெண்டும் கண்ணாடி மாதிரி நனையும். அப்பதான் ராடு. முன்னாடி வச்சா மேல உக்காந்துக்கும், ஒட்டினாப்புல இருக்கும்."

இங்கேதான் பின்வரிசை மாணவருக்கான விடை கிடைத்தது. பற்றாசில் இரு துண்டுகளும் உருகுவதில்லை. எளிதில் உருகும் மூன்றாவது ஒன்று இடையில் ஓடிப் பிடித்துக்கொள்கிறது. பற்றவைப்பில் இரண்டு கரைகளும் தாங்களே உருகியாக வேண்டும். ராடு அவற்றோடு கலக்கும். உரைகாரர்கள் துல்லியமாகத்தான் உவமை சொன்னார்கள். ஆசு சேர்ந்த பின்னும் முதற்குறள் முதற்குறளாகவே, தனிச்சொல் தனிச்சொல்லாகவே இருக்கிறது.

நிற்க. அவனுடைய நுரையீரல் பற்றியும் சொல்லியாக வேண்டும். முன்பு அவன் கூலிக்கு இருந்த பட்டறையில், பாகங்களைக் கழுவக் குளோரின் கலந்த திரவம் ஒன்றைக் கொடுத்தார்கள். மலிவு, விரைவில் உலரும். அதன் ஆவியின் மேல் வெல்டிங் ஒளி பட்டால் ஃபாஸ்ஜீன் பிறக்கும். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் மனிதர்களைக் கொன்ற அதே வாயு. ஒருநாள் மாலை மூச்சு முட்டி மூன்று நாள் படுத்துக் கிடந்திருக்கிறான். வீட்டுக்குத் தொலைபேசியில் சளி என்று சொன்னான். நாங்களும் கற்பூரவல்லி போடச் சொன்னோம். இப்போது அவன் சொந்தப் பட்டறையில் அசிட்டோன் தவிர வேறெதுவும் இல்லை. கதவும் திறந்தே இருக்கிறது.

இந்தக் குழாய்கள் பிழைக்கத்தான் வேண்டுமா என்று அவனிடம் வாதிட்டோம். கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் எந்திரங்கள் எரிபொருளில் கால்பங்கு வரைகூட எரிக்காமலே நீரில் விடுபவை. அமெரிக்காவின் தாஹோ ஏரியில் 1999 ஜூனிலேயே அவற்றுக்குத் தடை வந்துவிட்டது. 2002இல் யமஹாவும் சீ-டூவும் நான்கு வீச்சு எந்திரங்களைக் கொண்டுவந்தன. யமஹாவின் சூப்பர்ஜெட் மட்டும் 2020 வரை பழைய எந்திரத்தோடே தாக்குப்பிடித்தது. தம்பி மறுக்கவில்லை. "புகை கெட்டதுதான். ஆனா குழாய் செஞ்சவன் கெட்டவன் இல்லையே," என்றான். வாதம் என்ற அளவில் இது நிற்காது. ஆனாலும் ஏழாண்டுகள் அவன் அனுப்பிய பணத்தில் ஆய்வுப் படிப்பை முடித்த வீட்டில், அந்த வாதத்தை அதற்கு மேல் இழுக்க எங்களுக்கு மனமில்லை.

சோதனை எளிது. துவாரங்களையெல்லாம் அடைத்து, சுவர்களின் இடைவெளியில் காற்றேற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துகிறான், சைக்கிள் கடையில் டியூபை அமிழ்த்துவது போல. குமிழி வராத குழாய்களை ஒரு பலகையில் அடுக்கிவைக்கிறான்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு வாடிக்கையாளர், துணியில் சுற்றிய குழாயோடு வந்தார். அந்த வகை இப்போது தயாரிப்பில் இல்லையாம். எவ்வளவு ஆனாலும் தருவதாகச் சொன்னார். தம்பி சுத்தியல் பிடியால் தட்டித் தட்டிக் கேட்டான். ஓரிடத்தில் கம்பியால் குத்தினான். கம்பி உள்ளே போயிற்று. நான்கு விரல் தள்ளிக் குத்தினான், அங்கும் போயிற்று. ராடு வைக்க இதில் கரையே இல்லை என்று இந்தியில் சொல்லி, துணியைச் சுற்றி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். அவர் கொஞ்ச நேரம் வாசலில் நின்றிருந்தார்.