மழைக்குப் பின் வானம்

புனே நகரில் ஜூன் மாதம் பருவமழை தொடங்கியதும் எங்கள் வீட்டு மாடியிலுள்ள தொலைநோக்கி ஓய்வுக்குச் சென்றுவிடும். நான்கு மாதங்கள் முகில்கள் வானத்தை மூடியிருக்கும். அக்டோபரில் வானம் தெளியும்போது அதனை மீண்டும் பார்வைக்கு ஆயத்தப்படுத்த வேண்டும். அந்தப் பணி எனக்கு ஆண்டுதோறும் ஒரு விழா, ஒரு தேர்வும்கூட.

அத்தொலைநோக்கியின் உயிர் ஆறு அங்குல விட்டமுள்ள ஒரு குழியாடி. என் தந்தையார் இரண்டு கண்ணாடி வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையே கார்போரண்டம் பொடியும் நீரும் இட்டு, பல மாதங்கள் கையாலேயே தேய்த்து அதனை உருவாக்கினார். தேய்க்கத் தேய்க்க மேல்வட்டு மெல்லக் குழிந்துவரும். பின்னர் மெருகேற்றி அலுமினியப் பூச்சு இட்டால் அது ஆடியாகும்.

அந்த ஆடியில் ஒரு கீறல் உண்டு. அது என்னால் நேர்ந்தது. பள்ளியில் படித்த காலத்தில் ஒருநாள், ஆடியில் படிந்திருந்த தூசியைக் கண்டு பொறாமல், உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டேன். தூசியில் இருந்த மணல்துகள் பூச்சையும் கண்ணாடியையும் கீறிவிட்டது. நடுங்கியபடி தந்தையாரிடம் காட்டினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "சிறிது தூசி இருந்தாலும் விண்மீன் தெரியும் அம்மா. அவசரத்தால் விழுந்த கீறல்தான் போகாது. இனி இதனை நீயே பேணு" என்று கூறி, மாடியறைச் சாவியை என்னிடம் தந்தார்.

2025-ஆம் ஆண்டு அக்டோபரில் பெட்டியைத் திறந்தபோது, ஆடியின் விளிம்பில் பூஞ்சை படர்ந்திருந்தது. என் கை துணியைத் தேடியது. பழைய கீறல் அதனைத் தடுத்தது. முதலில் நீரை மெல்ல ஓடவிட்டுத் துகள்களை அகற்றினேன். பின்னர், சில துளி சோப்புக் கரைசல் கலந்த நீரில் ஆடியை ஊறவைத்தேன். நனைந்த பஞ்சை அழுத்தாமல், அதன் எடையாலேயே நகரவிட்டேன். இறுதியில் காய்ச்சி வடித்த நீரால் அலசி, சாய்த்து வைத்து உலர்த்தினேன்.

ஆடியைக் குழாயில் பொருத்தி, பின்புறமுள்ள மூன்று திருகுகளையும் சிறிது சிறிதாகத் திருப்பி, அது நேராக நோக்குமாறு அமைத்தேன். இருள் சூழ்ந்ததும் தாங்கியின் அச்சைத் துருவ விண்மீனை நோக்கித் திருப்பினேன். ஓர் ஊரின் அகலாங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு பாகை உயரத்தில் அவ்விண்மீன் நிற்கும். புனேயில் அது சுமார் 18.5 பாகை.

பின்னர்ச் சனிக்கோளை நோக்கினேன். நெஞ்சு திடுக்கிட்டது. அகன்ற வளையங்களைக் காணவில்லை. கோளின் இருபுறமும் மெல்லிய கோடு ஒன்றே தெரிந்தது. ஆடியைக் கெடுத்துவிட்டேனோ என்று அஞ்சினேன். அருகிலிருந்த ஒரு விண்மீனைப் பார்த்தேன். அது கூரிய புள்ளியாகவே மின்னியது. அப்படியாயின் குறை எங்கே?

தந்தையார் கைப்பிடியைப் பற்றியவாறு மெல்லப் படியேறி வந்தார். தொலைநோக்கியில் நெடுநேரம் பார்த்தார். "2009-ஆம் ஆண்டிலும் இப்படித்தான் கண்டேன்" என்றார்.

அச்சத்தில் மறந்திருந்த பாடம் அப்போது நினைவுக்கு வந்தது. சனி கதிரவனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகும். அக்காலத்தில் இருமுறை அதன் வளையங்கள் நமக்கு விளிம்பை மட்டுமே காட்டும். 2025 மார்ச்சில் அந்நிலை நேர்ந்தது. அக்டோபரிலும் வளையங்கள் மிகக் குறைந்த சாய்விலேயே இருந்தன.

"வளையம் மீண்டும் விரியும், காத்திரு. ஆடியை நன்றாகக் கழுவியிருக்கிறாய்" என்றார் தந்தையார்.

கீறல் இன்னும் ஆடியில் இருக்கிறது. அது எந்த விண்மீனையும் என்னிடமிருந்து மறைத்ததில்லை. ஆனால், ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அவசரப்படும் என் கையை அது தடுத்து நிறுத்துகிறது.