பையில் வைக்காத திருநீறு

இலஞ்சிக் குமாரர் திருக்கோயிலை வலம் வந்து வெளியே நின்றால் மேற்கே குற்றால மலை தெரியும். அம்மலைத்தொடர் தெற்கே நீண்டு சென்று, எங்கள் கண்ணுக்கு எட்டாத தொலைவில் பொதிகை உச்சியாக எழுகிறது. 1,868 மீட்டர் உயரம். அகத்திய மாமுனிவர் இன்றும் அங்கே தவமிருக்கிறார் என்பது இப்பக்கத்தார் நம்பிக்கை.

அவ்வுச்சிக்குச் செல்லவேண்டும் என்ற ஆசை எனக்கு இருபத்திரண்டாம் வயதில் உண்டாயிற்று. அக்காலத்தில் எங்கள் பக்கத்து அடியார்கள் பாபநாசத்திலிருந்து காரையாறு அணை, பாணதீர்த்தம் வழியாகக் காட்டுக்குள் புகுந்து, தாமிரபரணி பிறக்கும் பூங்குளத்தைத் தொட்டு மேலே ஏறுவர். நண்பர் நால்வர் கூடி நாள் குறித்தோம். அரிசி, பருப்பு, போர்வை, நெய் விளக்கு எல்லாம் மூட்டையாகக் கட்டியாயிற்று. என் அன்னையார், “ஒற்றைப் பிள்ளையைப் புலி வாழும் காட்டுக்கு அனுப்பிவிட்டு நான் எப்படி உறங்குவேன்?” என்று இரண்டு நாள் உண்ணாமல் இருந்தார். நான் போகவில்லை. மற்ற மூவரும் சென்று வந்தனர். 1988இல் களக்காடும் முண்டந்துறையும் ஒரே புலிகள் காப்பகமாக இணைந்தன. பின்னர் அந்த வழியே அடைபட்டுவிட்டது. ‘அடுத்த ஆண்டு, அடுத்த ஆண்டு’ என்று தள்ளிக்கொண்டே வந்தவனுக்கு அறுபத்து மூன்று வயதாகிவிட்டது.

இப்போது திறந்திருப்பது கேரளப் பக்கத்து வழி ஒன்றே. தை, மாசி மாதங்களில் சில வாரங்கள் மட்டும் அம்மாநில வனத்துறை அனுமதி அளிக்கிறது. கணினி வழியே முன்பதிவு செய்யவேண்டும். ஒரு நாளுக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. பதிவு திறந்த சிறிது நேரத்தில் இடங்கள் தீர்ந்துவிடும். சென்னையில் கல்லூரி ஒன்றில் தாவரவியல் கற்பிக்கும் என் மகள் விடியற்காலையிலிருந்தே காத்திருந்து எங்கள் இருவர் பெயரையும் பதிந்துவிட்டாள். “அப்பா, நாற்பது ஆண்டாகக் கட்டிய மூட்டையை இனி அவிழ்க்க வேண்டாம்” என்று தொலைபேசியில் அவள் சொன்னபோது, இலஞ்சிக் குமாரரே அழைத்ததாக எண்ணி மகிழ்ந்தேன்.

பொங்கலுக்கு அவள் வந்ததும் ஏற்பாடுகள் தொடங்கின. செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை வழியே நெடுமங்காடு வரை சென்று, அங்கிருந்து விதுரை. அதற்கும் மேலே போனக்காடு. வெள்ளையர் காலத்துத் தேயிலைத் தோட்டம் பாழடைந்து கிடக்கும் இடம் அது. நடை அங்கேதான் ஆரம்பம். முதல் நாள் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடந்து அதிருமலை முகாமில் தங்கவேண்டும். இரண்டாம் நாள் உச்சி சென்று முகாமுக்குத் திரும்புதல், மூன்றாம் நாள் இறக்கம். பொங்காலப்பாறையைத் தாண்டிய பின் வழுக்குப் பாறைகளில் கயிற்றைப் பற்றித்தான் ஏற இயலும். இதையெல்லாம் அவள் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். நானோ வேறொரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன்: திருநீறு, சந்தனம், நெய், திரி, கற்பூரம், ஊதுவத்தி, பஞ்சாமிர்தத்துக்கு வேண்டியவை.

அவள் என் தாளை வாங்கிப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு வனத்துறையின் விதிகளை எடுத்துக் காட்டினாள். பிளாஸ்டிக் கூடாது, மது கூடாது என்பவற்றோடு பூசைப் பொருள்களும் கூடாது என்று இருந்தது. எனக்கு உண்மையிலேயே சினம் மூண்டது. மதுவையும் திருநீற்றையும் ஒரே வரியில் வைப்பதா? முனிவரைக் காணச் செல்பவன் வெறுங்கையோடு செல்வதா?

அச்சினம் ஆறுமுன் அடுத்த இடி விழுந்தது. பயணத்துக்குச் சில நாள் முன்பு பெற்ற மருத்துவச் சான்று வேண்டும் என்பது மற்றொரு விதி. எங்கள் குடும்ப மருத்துவர் இரத்த அழுத்தத்தை இரு முறை அளந்தார், இதயத் துடிப்பை வரைந்து பார்த்தார், கையெழுத்திட மறுத்துவிட்டார். “ஐயா, கோயிலைச் சுற்றி நடங்கள். மலை வேண்டாம்” என்றார். அடையாள அட்டையோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே விடுவர் என்பதால் என் இடத்தில் வேறொருவரை அனுப்பவும் வழியில்லை. மகள் ஒருத்திக்கு மட்டுமே அனுமதி எஞ்சியது.

அன்று இரவு நான் நடந்துகொண்ட விதத்தை மறைக்க விரும்பவில்லை. “நீயும் போக வேண்டாம்” என்றேன். முதலில் யானையைச் சொன்னேன், பிறகு அட்டையை, பிறகு குளிரை. அவை செல்லாதபோது வழக்கத்தைச் சொன்னேன். 2018ஆம் ஆண்டு இறுதியில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை அம்மலையேற்றத்தில் பெண்களுக்கு இடமில்லை. 2019 ஜனவரியில் முதன்முறையாக ஒரு பெண்மணி உச்சியை அடைந்தபோது, அம்மலையைத் தங்கள் தெய்வமாகப் போற்றும் காணி மக்கள் வருந்தி எதிர்த்தனர். “அவர்கள் மனத்தை நோகச் செய்து போகவேண்டுமா?” என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. “அதை நானும் எண்ணிப் பார்த்தேன், அப்பா. அவர்கள் வழிபாடு எனக்கும் பெரிதுதான். சிலையைத் தொடமாட்டேன், எட்டி நின்று கும்பிட்டு இறங்குவேன்” என்றாள். காணி மக்களிடம் அவளுக்கு மதிப்பு மிகுதி. 1987இல் இம்மலைக்குச் சென்ற ஆய்வாளர்கள், வழிகாட்டிய காணிகள் ஒரு சிறு செடியின் கனியைத் தின்றுகொண்டே களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். ‘ஆரோக்கியப்பச்சை’ என்னும் அந்தச் செடியிலிருந்து மருந்து செய்து, அதன் வருவாயில் ஒரு பங்கை அம்மக்களுக்கே அளித்த வரலாற்றைத் தன் மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்பவள் அவள். அவள் தந்த மறுமொழி எனக்கு முழு நிறைவு அளித்தது என்று சொல்லமாட்டேன். காணிகளின் வருத்தத்துக்கு அது போதுமான விடைதானா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. ஆனால் நான் அக்கேள்வியைக் கேட்டது அவர்கள்பொருட்டு அன்று என்பது மட்டும் தெரிந்திருந்தது. நான் போக இயலாத இடத்துக்கு அவள் போவதை என்னால் தாங்க இயலவில்லை. அதோடு அச்சமும் இருந்தது. இரண்டு நாள் உண்ணாமல் கிடந்த என் அன்னையாரின் குரலே என் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அரிசி களைந்த என் இல்லாள் ஒன்றே ஒன்று கூறினாள்: “உங்கள் மூட்டையை அத்தை அவிழ்த்தார்கள். இவள் மூட்டையை நீங்கள் அவிழ்க்கிறீர்கள்.”

மறுநாள் காலை மகளும் நானும் கோயிலுக்குச் சென்றோம். அருணகிரிநாதர் பாடிய குமாரரை வணங்கிவிட்டு, இருவாலுக நாயகர் சந்நிதியில் நின்றோம். வாலுகம் என்றால் மணல். அகத்தியர் வெண்மணலால் அமைத்து வழிபட்ட இலிங்கம் என்று தலபுராணம் கூறும். அக்கதையின் மற்றொரு பகுதியை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தொட்டிலிலேயே கேட்டிருப்பர். குற்றாலம் அந்நாளில் திருமால் தலம். திருநீறு அணிந்த குறுமுனியை உள்ளே விட மறுத்தனர். அவர் இலஞ்சிக்கு வந்து குமாரரை வேண்ட, குமாரர் காட்டிய வழியில் வைணவ அடியார் கோலம் பூண்டு மீண்டும் சென்றார். இம்முறை கதவு திறந்தது. முனிவர் திருமுடியில் கை வைத்துக் குறுகச் செய்ய, நெடிய திருமேனி இலிங்கமாயிற்று. அவர் கை அழுத்திய வலி தீரவே குற்றாலநாதருக்கு இன்றும் மூலிகைத் தைலம் சாத்துகின்றனர்.

சந்நிதியில் கொடுத்த திருநீற்றை நான் காகிதத்தில் மடித்து மகளிடம் நீட்டினேன். “சிறிதளவுதான். யாருக்குத் தெரியப்போகிறது?” என்றேன். அவள் வாங்கவில்லை. தன் நெற்றியில் ஒரு கீற்று மட்டும் இட்டுக்கொண்டு சொன்னாள்: “அகத்தியரே திருநீற்றை அழித்துவிட்டு நாமம் போட்டுக்கொண்டுதானே குற்றாலத்துக்குள் போனார்? அந்த வாயிலுக்கு அது விதி. இந்த வாயிலுக்கு இது விதி.”

நாற்பது ஆண்டுகள் இக்கதையைப் பிறர்க்குச் சொல்லி வந்தவன் நான். காகித மடிப்பை என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

தை மாதத்து ஒரு விடியலில் அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். முதுகில் ஒரே பை. உள்ளே மாற்றுடை, கம்பளி, அவித்த நிலக்கடலை, எஃகுத் தண்ணீர்க் குவளை. மலைக்குள் தொலைபேசி எடுக்காது என்று முன்பே சொல்லியிருந்தாள். இரண்டாம் நாள், அவள் கயிற்றைப் பற்றி ஏறிக்கொண்டிருப்பாள் என்று நான் கணக்கிட்ட நேரத்தில், இருவாலுக நாயகர் முன் அமர்ந்திருந்தேன். செபம் ஓடவில்லை. அன்னையாரை நினைத்துக்கொண்டேன். அவர் அந்த இரண்டு நாளும் என்ன பாடுபட்டிருப்பார் என்பது அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் மாலை விளக்கேற்றும் வேளையில் அழைப்பு வந்தது. உச்சியில் பெருங்காற்று, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. முனிவரின் உருவை எட்டி நின்று பார்த்தாளாம். பாறையில் அமர்ந்து, நான் கட்டியவிழ்த்த மூட்டையை நினைத்து, என் பெயரை ஒரு முறை உரக்கச் சொன்னாளாம். என்னால் மறுமொழி பேச இயலவில்லை.

“அப்பா, இருக்கிறீர்களா? முழங்கால் இரண்டும் பிடித்துக்கொண்டுவிட்டன. நாளை காலை குற்றாலத்துக்குப் போய்க் கோயில் தைலம் கொஞ்சம் வாங்கி வையுங்கள்” என்றாள்.