மீன் வளர்க்கறது இல்ல, தண்ணி வளர்க்கறது

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். புடுங்கினது போக மிச்ச நேரத்துல ஒரு மீன் தொட்டியை டீபக் பண்ணிட்டு இருந்தேன். நக்கல் இல்ல, நிஜமாவே :) அந்தக் கதைதான் இன்னைக்கு மொக்கை.

எங்க அத்தை நாகர்கோவில் பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துல சயின்ஸ் டீச்சர். ஆறாங்கிளாஸ் பிள்ளைகளுக்காக வகுப்புல ஒரு கண்ணாடித் தொட்டி வச்சாங்க. மூணு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒண்ணேகால் அடி உயரம். கல்லு மண்ணு போக ஒரு தொண்ணூறு லிட்டர் தண்ணி பிடிக்கும். கடையில வாங்குற கலர் மீன் வேண்டாம், நம்ம ஊர் தண்ணியில உள்ளதுதான் வேணும்னு பக்கத்துக் குளத்துல இருந்தே பன்னிரண்டு மீன் பிடிச்சு விட்டாங்க. மலையாளத்துல பல்லத்தின்னு சொல்லுவாங்க. மஞ்சள் நிறம், உள்ளங்கைக்குள்ள அடங்கும். கரிமீனுக்குத் தம்பி முறை.

மூணு திங்கக்கிழமையில அஞ்சு மீன் செத்துப் போச்சு. அத்தைகிட்ட இருந்து போன்.

"மக்கா, நீ கம்ப்யூட்டர்ல பூச்சி புடிக்கியாம்லா? இங்க வந்து மீனு ஏன் சாவுதுன்னு பாத்துச் சொல்லு."

மீன் சாவறது அவங்களுக்குப் பாதிக் கவலைதான். மீதிக் கவலை ஒரு பையன். திங்கக்கிழமை வகுப்பைத் திறந்து தீனி போடுறது அவன் முறை. செத்த மீனை முதல்ல பாக்கறதும் அவன்தான். அதனால "அவன் கைக்கு ராசி இல்ல, அவன் தொட்டா செத்துரும்"னு வகுப்பே முடிவு கட்டிட்டுது. தொட்டிப் பக்கம் விடறதில்ல. அப்புறம் சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல உக்காரவும் விடறதில்ல. பையன் ரெண்டு நாளா வயித்துவலின்னு பள்ளிக்கூடத்துக்கே வரல்ல.

ப்ரொடக்ஷன்ல பக் வந்தா நம்ம ஆளுங்க முதல்ல என்ன செய்வாங்க? கடைசியா கோடைத் தொட்டவன் யாருன்னு தேடுவாங்க. ஆறாங்கிளாஸும் அதைத்தான் செஞ்சிருக்கு. அதனாலதான் சென்னையில இருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறினேன்.

முதல் வேலை, லாக் பாக்கறது. மீன் செத்த தேதியெல்லாம் அத்தை டைரியில இருந்துச்சு. வருகைப் பதிவேட்டை எடுத்துப் பக்கத்துல வச்சோம். ரெண்டு மீன் செத்த திங்கக்கிழமை அந்தப் பையன் காய்ச்சல்ல லீவு! கேஸ் தள்ளுபடின்னு நான் நினைச்சேன். பிள்ளைங்க ஒத்துக்கல்ல. "அதுக்கு முந்துன வாரம் அவன் போட்ட தீனிதான் அண்ணா காரணம்"னு ஒரு குட்டி வக்கீல் வாதாடுது. அவ்வ்வ்வ்.

சரி, எல்லாம் திங்கக்கிழமையே ஏன்? சனி, ஞாயிறுல என்ன நடக்குதுன்னு விசாரிச்சா ரெண்டு விஷயம் மாட்டுச்சு.

ஒண்ணு, வெள்ளி சாயங்காலம் பள்ளிக்கூடத்தைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைச்சிடுவாங்க. ஏர் பம்ப் ரெண்டரை நாள் நிக்கும். குளிர்ந்த தண்ணியில ஆக்ஸிஜன் நிறைய கரையும், சூடான தண்ணியில கம்மியாத்தான் கரையும். 10 டிகிரியில லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் வரை நிக்கும். நம்ம ஊர் 28 டிகிரியில 8 கூட வராது. இருக்கறதே கொஞ்சம், அதையும் மீனும் மிச்சத் தீனியில வளர்ற கிருமிகளும் பங்கு போட்டா?

ரெண்டாவது, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு தொட்டி சுத்தம் பண்ற நேரம். பிள்ளைங்க அம்புட்டு அக்கறை! தண்ணி மொத்தத்தையும் இறைச்சு, கல்லை எல்லாம் தேய்ச்சு, பில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில வெள்ளை வெளேர்னு கழுவி, புதுத் தண்ணி நிரப்புவாங்க. அந்தக் குழாய்த் தண்ணியில குளோரின் உண்டு.

பாக்க நல்ல பழக்கம் மாதிரிதானே இருக்கு? இங்கதான் விஷயமே. மீன் தன் செவுள் வழியா அம்மோனியாவை விட்டுக்கிட்டே இருக்கும். அது அதுக்கே விஷம். குளத்துலயும் தொட்டியிலயும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும். நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்ல. இந்த பாக்டீரியா எல்லாம் ஸ்பாஞ்சுலயும் கல்லு மேலயும்தான் குடியிருக்கும். நாம அழுக்குன்னு கழுவுறது அவங்க வீட்டை. ரொம்ப மெதுவா பெருகுற ஜாதி வேற. புதுத் தொட்டியில அவங்க முழுசா செட்டில் ஆக நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். இங்க வாராவாரம் கழுவிட்டு இருக்காங்க!

ரெண்டையும் ஒரே நேரத்துல சரி பண்ணினா எது காரணம்னு தெரியாது. அதனால முதல்ல கரண்ட் போனா தானா ஓடுற பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வச்சோம். மத்தது எல்லாம் பழைய மாதிரியே. அடுத்த திங்கக்கிழமை ஒரு மீன் போச்சு, மிச்சம் ஆறு. பம்ப் ஓடிட்டே இருக்கு, ஆனாலும் ஆறும் மேல வந்து வாயைப் பிளந்துட்டு நிக்குதுன்னு அத்தை போன்ல சொன்னாங்க. அம்மோனியா சோதிக்கிற சொட்டு மருந்தை விடச் சொன்னேன். மஞ்சளா இருந்தா நல்ல தண்ணி. இது பச்சைப் பசேல்னு வந்துச்சு.

அதோட மொத்தமா கழுவுறதுக்குத் தடா. வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சுல ஒரு பங்கு தண்ணி மட்டும் மாத்தணும். புதுத் தண்ணியை முந்தின நாளே வாயகண்ட வாளியில பிடிச்சு வைக்கணும், குளோரின் போயிடும். ஸ்பாஞ்சைத் தொட்டியில இருந்து எடுத்த பழைய தண்ணியிலயே ரெண்டு பிழி, போதும். நாகர்கோவில்ல ஒரு மீன் கடைக்காரர்கிட்ட, அவர் தொட்டியில மாசக்கணக்கா ஓடின அழுக்கு ஸ்பாஞ்ச் ஒண்ணைக் கேட்டு வாங்கி உள்ள போட்டோம். நம்ம பாஷையில சொன்னா பேக்கப்ல இருந்து ரீஸ்டோர். "புதுசு தாரேன் தம்பி, இந்த அழுக்கு எதுக்கு?"ன்னு அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு :)

இனி தீனி போடுறது யாரு? அத்தை ஒரு காரியம் பண்ணினாங்க. நாலு வாரத்துக்குத் தினமும் அந்தப் பையன் மட்டும்தான் போடணும்னு வகுப்புல அறிவிச்சுட்டாங்க. எனக்குத் திக்குன்னுச்சு. ஒரே ஒரு மீன் செத்தாலும் அவன் பேரு ஆயுசுக்கும் கெட்டுப் போகுமே. "டீச்சர், எனக்குப் பயமாட்டு இருக்கு"ன்னு அவனே சொல்லியிருக்கான். "எனக்குந்தான்லே இருக்கு, போடு"ன்னு அத்தை.

அந்த ஞாயித்துக்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கம் வரல்ல. எத்தனையோ ரிலீஸ் பாத்தாச்சு, இப்படி வயிறு கலங்கினதில்ல. திங்கள் காலையில எட்டே முக்காலுக்கு மெசேஜ் வந்துச்சு. ஒரே வார்த்தை: "ஆறு."

அடுத்த திங்கள் ஆறு. அதுக்கடுத்ததும் ஆறு. நாலாவது வாரம் சொட்டு மருந்து மஞ்சளாவே நின்னுச்சு. இப்போ பையன்கிட்ட ஒரு நோட்டு இருக்கு. தேதி, வெப்பநிலை, மருந்து நிறம், மீன் எண்ணிக்கைன்னு நாலு கட்டம் போட்டு எழுதுறான். அவன் கையெழுத்து இல்லாம யாரும் தண்ணி மாத்தக்கூடாதாம். அதிகாரம்!

இதுக்காகப் படிச்சப்போ தெரிஞ்ச ஒரு விஷயம். அமெரிக்காவுல வகுப்பறையிலயே டிரவுட் மீன் முட்டையைப் பொரிக்க வச்சு, குஞ்சை வளர்த்து ஆத்துல விடுற திட்டம் இருக்கு. 1959ல மிச்சிகன்ல ஆரம்பிச்ச டிரவுட் அன்லிமிடெட் அமைப்பு அதை நடத்துறதுல முக்கியமானது. அது குளிர் மீன், அதனால சில்லர் வச்சுத் தண்ணியைக் குளிர வைக்கணும். நம்ம மாநிலத்துல அந்த மீனுக்கு நீலகிரிதான் லாயக்கு. 1863ல பிரான்சிஸ் டே அங்க கொண்டு வரப் பாத்து நடக்கல்ல. அப்புறம் ஹெச்.சி. வில்சன் முயற்சியில 1907ல அவலாஞ்சியில பொரிப்பகம் வந்துச்சு. நாப்பது வருஷத்துக்கு மேல! அமெரிக்கப் பள்ளிக்கூடத்துத் தொட்டியிலயும் சில்லருக்கு அடுத்த தலைவலி இதே அம்மோனியாதானாம். ஊரு எதுவானா என்ன, முதல்ல தண்ணி பழகணும், அப்புறம்தான் மீன்.

போன மாசம் ஒரு ஜோடி ஓட்டுத்துண்டு மேல முட்டை போட்டுச்சு. பல்லத்தி முட்டையை விட்டுட்டுப் போற ஜாதி இல்ல. அப்பனும் ஆத்தாளும் மாறி மாறிக் காவல் நின்னு, செட்டையால விசிறிக்கிட்டே இருக்கும். பொரிச்ச குஞ்சுங்க பெத்தவங்க உடம்பு மேல சுரக்குற வழுவழுப்பையும் கொத்தித் தின்னும். பிள்ளைங்க பாடத்தை விட்டுட்டுத் தொட்டியையே பாக்குதுன்னு அத்தைக்கு இப்போ புதுக் கவலை.

டிஸ்கி: குஞ்சுங்க வளர்ந்ததும் தாய்மீன் பிடிச்ச அதே குளத்துலதான் விடப் போறாங்க. கடையில வாங்கின மீனை மட்டும் பாவம்னு சொல்லிக் குளத்துல விட்டுடாதீங்க சாமிகளா. 1952ல இந்தியாவுக்குள்ள வந்த ஜிலேபிக் கெண்டை இன்னைக்கு எந்தக் குளத்துல இல்லன்னு தேடிப் பாருங்க.