அமெச்சூரிலிருந்து தொழில்முறைக்கு: அதிதி அசோக்

பெங்களூரில் 1998-இல் பிறந்து, ஐந்து வயதில் கோல்ஃப் மட்டையைப் பிடித்த அதிதி அசோக், 2015-இல் பிரிட்டிஷ் மகளிர் அமெச்சூர் ஸ்ட்ரோக் பிளே பட்டத்தை வென்றபோது பள்ளி மாணவி. எல்லாச் சுற்றுகளின் அடிகளையும் கூட்டி, குறைந்த எண்ணிக்கைக்கு வெற்றி தரும் முறையே ஸ்ட்ரோக் பிளே.

அமெச்சூர் புகழ் மட்டுமே தொழில்முறைப் போட்டித் தொடரான ஐரோப்பிய மகளிர் சுற்றில் நிலையான இடம் பெற்றுத் தராது என்பதால், ‘டூர் ஸ்கூல்’ எனப்படும் தகுதிப் போட்டியில் அவ்வாண்டு டிசம்பரில் மொராக்கோவில் 17 வயதிலேயே முதலிடம் பெற்று, 2016 தொடக்கத்தில் தொழில்முறைக்கு மாறிய அவர், ரியோ ஒலிம்பிக்கில் தந்தை மட்டைப் பை சுமக்க ஆடி, நவம்பரில் இந்திய ஓபனையும் கத்தார் ஓபனையும் அடுத்தடுத்து வென்று, அச்சுற்றின் சிறந்த புதுமுகமாகத் தேர்வானார்.

இந்த ஏற்றம் தோள்வலிமையால் வந்ததன்று. தொடக்க அடியில் பந்து பிறரளவு தூரம் செல்லாதபோதும், குழியை நோக்கிப் பந்தை உருட்டும் ‘பட்டிங்’ அவரைக் காத்தது என்பதற்கு, தாய் பை சுமக்க, ஒரே அடியில் வெண்கலத்தைத் தவறவிட்ட டோக்கியோ ஒலிம்பிக்கின் நான்காம் இடமே சான்று. ஊருக்குள்ளேயே மைதானமும் உடன்வரும் பெற்றோரும் அமைந்ததும் அத்திறனுக்கு உரமாயின. அவ்வசதியற்ற ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோல்ஃப் இன்னும் தொலைக்காட்சி விளையாட்டே.