வாக்குச்சீட்டில் இல்லாத பெயர்

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நெருங்கும் காலங்களில், துணை ஜனாதிபதி வேட்பாளராக யார் வரப்போகிறார் என்ற விவாதம் அங்கே மட்டுமன்றி இங்கேயும் சூடு பிடிப்பதுண்டு. 2020 ஆகஸ்டில் ஜோ பைடன் கமலா ஹாரிஸைத் தமது துணையாக அறிவித்தபோது, அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊரான துளசேந்திரபுரம் தமிழ்ப் பத்திரிகைகளில் எல்லாம் இடம்பிடித்தது. ஹட்டனில் நான் சந்தித்த நண்பர்கள் அதைத் தங்கள் வீட்டுக் காரியம் போலப் பெருமையோடு பேசினார்கள். பேசட்டும், தவறில்லை. ஆனால் நமது நாட்டின் ஜனாதிபதி பதவிக் காலத்தின் நடுவே இல்லாமற் போனால் அந்த நாற்காலியில் அமரப்போகிறவர் யார் என்று, வாக்களிக்கப் போகும் முன்னர் நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நம் கையில் தரப்பட்ட வாக்குச்சீட்டில் 39 பெயர்கள் இருந்தன. மடித்துப் பெட்டியில் போடுவதற்கே சிரமப்பட வேண்டிய நீளம். அத்தனை நீளத்திலும் ஒரு பெயருக்கு இடமில்லை. வெற்றி பெறுகிறவர் பிரதமராக யாரை நியமிப்பார் என்பதே அந்தப் பெயர்.

நமது அரசியலமைப்பில் துணை ஜனாதிபதி என்றொரு பதவி கிடையாது. 1978ஆம் ஆண்டின் யாப்பு அதற்குப் பதிலாக ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. ஜனாதிபதி பதவி வெற்றிடமானால் பிரதமர் பதில் ஜனாதிபதியாகக் கடமையாற்றுவார். ஒரு மாத காலத்துக்குள் பாராளுமன்றம் தனது உறுப்பினர்களில் ஒருவரை இரகசிய வாக்கெடுப்பின் மூலம் தெரிவு செய்யும். அப்படித் தெரிவானவர் எஞ்சிய காலம் முழுவதும் ஜனாதிபதியாக இருப்பார். பொதுமக்களிடம் மறுபடியும் கேட்பதில்லை. சட்டப் புத்தகத்தில் தூசி படிந்து கிடக்கும் வாசகம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இரண்டு தடவைகள் நடந்திருக்கிறது. இரண்டு தடவைகளும் பதில் ஜனாதிபதியாக இருந்த பிரதமரே ஜனாதிபதியாகவும் ஆனார்.

முதலாவது தடவையை நான் பத்திரிகைக் கந்தோரில் இருந்து பார்த்தேன். 1993 மே முதலாம் திகதி, கொழும்பில் மே தின ஊர்வலத்தின் நடுவே ரணசிங்க பிரேமதாச குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அன்று மாலை ஆசிரிய பீடத்தில் பிரேமதாசவின் படத்துக்குப் பஞ்சமில்லை. அலமாரி நிறைய இருந்தது. டிங்கிரி பண்டா விஜேதுங்கவின் நல்ல படம் ஒன்றைத் தேடத்தான் நேரமெடுத்தது. நான்கு ஆண்டுகளாக நாட்டின் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் இருந்தவர் அவர். இருந்தும், அவருடைய படத்தைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று அதுவரை எவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அவர் பிரதமரான கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1988 டிசம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் பிரேமதாச 50.43 வீத வாக்குகளைப் பெற்று, ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவை 279,339 வாக்குகளால் வென்றார். தெற்கில் அச்சம் காரணமாகப் பல வாக்குச்சாவடிகள் வெறிச்சோடிக் கிடந்த தேர்தல் அது. நாடு முழுவதிலும் வாக்களித்தோர் 55 வீதத்தினர் மட்டுமே. மலையகத்துக்கோ அது வேறு வகையில் முக்கியமான தேர்தல். 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமை, நாடற்றோருக்கான 1988ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெருமளவில் தீர்வுக்கு வந்த வேளை அது. லயத்துக் காம்பராக்களில் இருந்து முதன்முறையாக வாக்களிக்கப் போனவர்கள் ஏராளம். சௌமியமூர்த்தி தொண்டமானும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் பிரேமதாசவின் பக்கம் நின்றார்கள். நமது வாக்குகளும் அந்த வெற்றிக்குள் இருந்தன.

பொதுத் தேர்தல் முடிந்து 1989 மார்ச்சில் பிரதமரை நியமிக்க வேண்டி வந்தபோது, பிரேமதாசவின் முன்னால் லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் இருந்தார்கள். ஒருவர் பாதுகாப்பு அமைச்சையும் மற்றவர் மகாவலியையும் கையாண்டவர்கள். காமினி நமது நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். 1977இல் நுவரெலியா - மஸ்கெலியா பல அங்கத்தவர் தொகுதியில் தொண்டமானோடும் அநுர பண்டாரநாயக்கவோடும் கூடவே தெரிவானவர். இவர்கள் இருவரையும் விட்டுவிட்டு, வடமேல் மாகாண ஆளுநராக இருந்து மீண்டும் தேர்தல் அரசியலுக்குத் திரும்பியிருந்த உடுநுவர விஜேதுங்கவைப் பிரேமதாச பிரதமராக்கினார். காரணத்தை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தனக்குப் பின்னால் நிற்பவர் தன் முதுகைப் பார்த்துக்கொண்டிராதவராக இருக்க வேண்டும் என்று கருதினார் என்பதே என் அபிப்பிராயம்.

அதனால் முதுகு பாதுகாக்கப்பட்டதா என்றால் அதுவும் இல்லை. 1991இல் லலித்தும் காமினியும் குற்றப் பிரேரணையை ஆதரித்துக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1993 ஏப்ரல் 23இல் லலித் சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டு நாட்களின் பின் பிரேமதாசவும் போனார். மே 7ஆம் திகதி பாராளுமன்றம் விஜேதுங்கவைப் போட்டியின்றித் தெரிவு செய்தது.

அந்த வாரம் றொசல்லயில் என் அத்தை கேட்ட கேள்வி இன்னும் நினைவிலிருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். "ஏன் ராசா, நாம யானைக்குப் போட்டது பிரேமதாச ஐயாவுக்குத் தானே? இந்த ஐயாவ யாரு போட்டா?" என்றார். அரசியலமைப்பை விளக்க முயன்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பெரிய தொரைய மட்டும் காட்டிட்டு, சின்னத் தொரைய மறைச்சு வச்சுட்டாங்கன்னு சொல்லு" என்றார்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த உவமையின் கனம் புரியும். பெரிய துரை லீவில் போனால் தோட்டம் சின்னத்துரையின் கையில். பெரட்டுக் களத்தில் யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பதை அவர்தான் தீர்மானிப்பார். ஆகவே புதிய துரை வருகிறார் என்றால், அவர் கூடவே எந்தச் சின்னத்துரை வருகிறார் என்றும் தொழிலாளர்கள் விசாரிப்பார்கள். நாடு என்று வரும்போது மட்டும் அந்த விசாரணை நமக்கு மறந்துபோகிறது.

விஜேதுங்க கெட்டவர் அல்லர். பிரேமதாச காலத்து இறுக்கத்தைத் தளர்த்தினார், ஆடம்பரமின்றி இருந்தார், 1994இல் போட்டியிடாமல் பிலிமத்தலாவைக்குப் போய் அமைதியாக வாழ்ந்தார். ஆனால் இனப் பிரச்சினை என்று ஒன்று இல்லை, இருப்பது பயங்கரவாதப் பிரச்சினை மட்டுமே என்று சொன்னவரும் அவரே. பெரும்பான்மை மரமென்றும் சிறுபான்மையினர் அதைப் பற்றிப் படரும் கொடிகளென்றும் அவர் பேசியதைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1988இல் மலையகத் தமிழர் வாக்களித்தது இந்தக் கருத்துக்கல்ல. இப்படி ஒரு கருத்து இருக்கிறதா என்று கேட்டறியும் வாய்ப்புக்கூட அவர்களுக்குத் தரப்படவில்லை.

தன்னை மீறாதவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு மட்டுமுரியது அல்ல. தமிழ்நாட்டில் அண்ணா மறைந்தபோதும் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் தற்காலிக முதலமைச்சராக நாற்காலியைக் காத்தவர் நெடுஞ்செழியனே. இரண்டு தடவையும் அது வேறொருவரிடம் போனது. ஓ. பன்னீர்செல்வத்தை ஜெயலலிதா 2001இலும் 2014இலும் முதல்வராக்கியது, கேட்டவுடன் திருப்பிக் கொடுப்பார் என்ற நம்பிக்கையில். உயிரோடிருந்து திரும்பி வந்து கேட்க முடிகிறவரை அந்தக் கணக்குச் சரிதான். 2016 டிசம்பரில் திரும்பிக் கேட்க அவர் இல்லை. பிறகு நடந்த கூத்தை உலகமே பார்த்தது.

அமெரிக்காவிலும் நெடுங்காலம் இது ஒப்புக்குச் சப்பாணிப் பதவிதான். 1945இல் ரூஸ்வெல்ட் காலமானபோது ஹரி ட்ரூமன் துணை ஜனாதிபதியாகி 82 நாட்களே ஆகியிருந்தன. அணுகுண்டுத் திட்டத்தை அவர் விரிவாக அறிந்துகொண்டது ஜனாதிபதியான பின்னர்தான். அந்த ஆண்டு ஆகஸ்டில் அந்தக் குண்டுகள் அவருடைய காலத்திலேயே போடப்பட்டன.

மீண்டும் இலங்கைக்கு வருவோம். இங்கே முன்கூட்டிப் பெயர் சொல்லப்பட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. 2005இல் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி மஹிந்த ராஜபக்ஷவை ஜனாதிபதி வேட்பாளராகத் தீர்மானித்தபோது, பிரதமர் வேட்பாளராக அநுர பண்டாரநாயக்கவின் பெயரையும் சேர்த்தே அறிவித்தது. நவம்பரில் மஹிந்த வென்றார். பிரதமரானவர் இரத்னசிறி விக்கிரமநாயக்க. அறிவிக்கப்பட்ட பெயரை நம்பி யாராவது வாக்களித்திருந்தால் அவர்கள் யாரிடம் போய்க் கேட்பது?

2015இல் மைத்திரிபால சிறிசேன சொன்னபடியே ரணில் விக்கிரமசிங்கவைப் பிரதமராக்கினார். ஆனால் அது பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணம் அல்ல. கூட்டணிக் கடனின் வட்டி. 2018 ஒக்டோபர் 26இல் ரணிலை நீக்கி மஹிந்தவை நியமித்து, பாராளுமன்றத்தையும் கலைத்து, உயர் நீதிமன்றம் தலையிடும் வரை நாட்டை ஐம்பது நாட்கள் தள்ளாட வைத்தார்கள். 2019இல் கோட்டாபய வென்றால் அண்ணன் பிரதமர் என்பது ஊரறிந்த விடயம். எதிரே நின்ற சஜித் பிரேமதாச, தான் வென்றால் ரணில் பிரதமரல்ல என்பதைப் பிரசாரத்தின் கடைசி நாட்களில்தான் தெளிவாகச் சொன்னார். அப்படியானால் வேறு யார் என்பதற்கு விடை வரவில்லை.

அந்த 2019 தெரிவின் விளைவை 2022இல் கண்டோம். மே 9இல் மஹிந்த விலகினார். மே 12இல் கோட்டாபய பிரதமராக்கியது, முந்தைய பொதுத் தேர்தலில் ஓர் ஆசனத்தைக்கூட நேரடியாக வெல்லாத கட்சியின் தலைவராகிய ரணிலை. ஜூலை 13இல் கோட்டாபய நாட்டை விட்டுப் போனார். ஜூலை 20இல் பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணிலை ஜனாதிபதியாக்கியது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1993 மே மாதம் விஜேதுங்க ஜனாதிபதியானதும் தமது இடத்துக்குப் பிரதமராக நியமித்தவரும் இதே ரணில்தான். இரண்டு ஜனாதிபதித் தேர்தல்களில் மக்கள் தராத பதவி, 29 ஆண்டுகளின் பின் இரண்டாவது நாற்காலி வழியாக வந்து சேர்ந்தது.

நெருக்கடியில் அவர் செய்தது சரியா பிழையா என்பது வேறு விவாதம். நான் சொல்ல வருவது இது. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்த ஜனாதிபதி, அந்த மைதானத்தில் நின்ற எவருடைய வாக்காலும் ஜனாதிபதியானவர் அல்லர். கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படைச் சம்பளம் 1,350. நமது அடுப்பெரிவதையும் அணைவதையும் தீர்மானிக்கும் இடத்தில், நாம் பரிசீலிக்காத ஒருவர் இருந்தார் என்பதைத்தான் குறிப்பிடுகிறேன்.

2024இல் அநுரகுமார திசாநாயக்க வென்றபோது அவருடைய கட்சிக்குப் பாராளுமன்றத்தில் மூன்றே ஆசனங்கள். ஹரிணி அமரசூரியவை நியமித்தார். பொதுத் தேர்தலில் பெரும் வெற்றி கிடைத்த பின்னரும் அவரையே வைத்துக்கொண்டார். படித்தவர், பேச்சில் நிதானம் உள்ளவர், எவருடைய மனைவியோ மகளோ என்பதால் வந்தவர் அல்லர். நல்ல தெரிவு என்றே நான் நினைக்கிறேன். எனினும் நுவரெலியா மாவட்டத்து மேடைகளில் "எனக்கு ஏதேனும் நேர்ந்தால் இவர்" என்று அவர் கைகாட்டப்பட்டதை நான் கேட்டதில்லை.

சிறுபான்மையினருக்கு ஒரு துணை ஜனாதிபதிப் பதவி தரலாம் என்ற யோசனை அவ்வப்போது எழுவதுண்டு. எனக்கு அதில் உற்சாகமில்லை. அதிகாரமற்ற நாற்காலியில் ஒரு தமிழரை உட்கார வைத்துப் படம் பிடிப்பதால் லயங்கள் வீடுகளாகிவிடப் போவதில்லை. 2004 ஏப்ரலில் லக்ஷ்மன் கதிர்காமரைப் பிரதமராக்க வேண்டும் என்று மக்கள் விடுதலை முன்னணி விரும்பியது. அவருடைய அரசியலோடு எனக்கு உடன்பாடு குறைவு. ஆனால் அந்தப் பேச்சு எழுந்தது அவர் தமிழர் என்பதற்காக அல்ல, அவரால் முடியும் என்பதற்காக. அளவுகோல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இன்றிரவே சத்தியப்பிரமாணம் செய்து நாளைக் காலை கந்தோருக்குப் போகக் கூடியவரா? தலைவரின் முகத்துக்கு நேரே "இது பிழை" என்று சொல்லக் கூடியவரா? தலைவருக்கு வாக்களித்தவர்கள் அவரையும் சகித்துக்கொள்வார்களா? மாவட்டம், சாதி, குடும்பம், கூட்டணிப் பங்கு எல்லாம் இதற்குப் பின்னால் வரட்டும்.

பாராளுமன்றத்தின் நம்பிக்கையைப் பெற்றவரையே பிரதமராக்க வேண்டியிருப்பதால், வேட்பாளர் முன்கூட்டிச் சொல்லும் பெயர் சட்டப்படி அவரைக் கட்டுப்படுத்தாது என்பார்கள். உண்மைதான். 2005 அதற்குச் சாட்சி. ஆயினும் சொன்ன பெயரை மாற்றும்போது காரணம் சொல்ல வேண்டி வரும். சொல்லாத பெயரை மாற்ற எந்தக் காரணமும் தேவையில்லை.

மலையகக் கட்சிகள் ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் ஏதாவதொரு வேட்பாளருக்கு ஆதரவளித்து வருகின்றன. 2019இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் கோட்டாபயவோடும், தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தோடும் நின்றன. 2024இல் முன்னது ரணிலோடு, பின்னது மீண்டும் சஜித்தோடு. சம்பளம், காணி, வீடு என்று கோரிக்கைகள் நீள்கின்றன. அவை எல்லாம் தேவையானவையே. அடுத்த முறை அந்தத் தாளில் கையெழுத்திடும் முன்னர் ஒரு வரி சேர்த்துக் கேட்கட்டும்: ஐயா, உங்கள் சின்னத்துரை யார்?