ஒரு லட்சத்தைப் பங்கிடுதல்

வீட்டில் நல்லதொரு இசைக்கருவித் தொகுதியை அமைக்க விழைவோர் அனைவரும் கடைக்குப் புறப்படுமுன் ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டாக வேண்டும். கையிருப்பு இவ்வளவு, இதில் ரெக்கார்ட் பிளேயருக்கு எவ்வளவு, ஆம்ப்ளிஃபயருக்கு எவ்வளவு, ஸ்பீக்கருக்கு எவ்வளவு? இந்த எளிய கேள்வியின்மேல் அரை நூற்றாண்டாக வாதம் நடந்து வருகிறது. அதில் பெருங்கட்சிகள் இரண்டு.

முதல் கட்சியின் குரல் கிளாஸ்கோவிலிருந்து எழுந்தது. அங்கே 1973இல் லின் நிறுவனத்தைத் தொடங்கிய ஐவர் டீஃபன்பிரன், ஊற்றுக்கண்ணுக்கே முதலிடம் என்றார். இசைத்தட்டின் பள்ளத்திலிருந்து முள் எடுக்கத் தவறிய ஒலியைப் பின்னால் வரும் எந்தக் கருவியும் மீட்டுத் தர இயலாது. ஆகவே பெரும்பங்கு ரெக்கார்ட் பிளேயருக்கே என்பது அவர் வாதம். மற்றைக் கட்சி ஸ்பீக்கருடையது. 1954இல் மாசசூசெட்ஸில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தை இணைந்து தொடங்கிய எட்கர் வில்ச்சர், காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தி, அதிலிருந்து ஆழ்ந்த கீழ்நாதத்தை வரவழைத்துக் காட்டினார். ஒலித்தொடரில் ஸ்பீக்கர்தான் மிகுதியாகப் பிசகும் உறுப்பு. எனவே பணமும் அங்கேதான் போக வேண்டும் என்பது இக்கட்சியின் நிலை.

இரண்டையும் ஆற அமர எண்ணிப் பார்த்தால் பகை அவ்வளவாக இல்லை என்றே தோன்றுகிறது. முள் அசைவை மின்சாரமாக்குகிறது. ஸ்பீக்கர் மின்சாரத்தை மறுபடி அசைவாக்குகிறது. ஒலி தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் இடங்கள் இவை. சேதாரம் அதிகம் நேர்வதும் இங்கேதான். ஆம்ப்ளிஃபயர் மின்சாரத்தை வாங்கி மின்சாரமாகவே தருகிறது. அதன் வேலை ஒப்பளவில் எளிது. 50 வாட்டை 100 வாட்டாக்கக் கொட்டும் பணம் வாங்கித் தருவது வெறும் 3 டெசிபல். ஆகவே வடிவம் மாறும் இடத்தில் செலவிடு என்பதே நாங்கள் கண்ட சூத்திரம்.

நாங்கள் என்பது உடன்பிறந்தோர் மூவர். எழுபத்தொன்பது வயதான அப்பாவிடம் இருநூறு இசைத்தட்டுகள் இருக்கின்றன. அவற்றைச் சுழற்றிய பழைய கருவி ஓய்ந்துவிட்டது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு லட்ச ரூபாய் சேர்த்தோம். கணக்கெழுத உட்கார்ந்தபோது அப்பா சொன்ன ஒரு சொல் குறுக்கே வந்து நின்றது. “பாட்டு கேக்குது. சாகித்தியம்தான் கேக்க மாட்டேங்குது.”

முதுமையில் செவி தேயும் முறை அத்தகையது. உட்செவியின் நத்தைச் சுருளில் உள்ள நுண்மயிர் உயிரணுக்கள்தாம் அசைவை நரம்பின் மின்துடிப்பாக்குகின்றன. மேல்சுரங்களை ஏற்கும் அணுக்கள் முதலில் அழிகின்றன. மனிதரில் அவை மீண்டும் முளைப்பதில்லை. எம்.டி. ராமநாதனின் கீழ்ச்சுருதிக் கார்வை அப்பாவுக்கு இன்றும் தடையின்றிக் கேட்கிறது. ஸகரமும் தகரமும் உதிர்ந்துவிடுகின்றன. ஒலியைக் கூட்டினால் காது கூசுகிறது என்கிறார். மெல்லொலி எட்டாமலும் வல்லொலி முன்போலவே உறைத்தும் போவது இவ்வகைக் குறையின் இயல்பு.

அப்படியானால் எங்கள் சூத்திரத்தின்படி ஒலி வடிவம் மாறும் மூன்றாம் இடம் ஒன்று உண்டு. அது எந்தக் கடையின் விலைப்பட்டியலிலும் இல்லை. எங்களில் மூத்தவள் நாற்பதாயிரத்தைக் காதொலிக்கருவிக்கு ஒதுக்கச் சொன்னாள். இளையவன் மறுத்தான், பாட்டுக்கென்று சேர்த்த பணத்தில் வைத்தியம் பார்ப்பது அப்பாவை நோயாளியாக்குவதாகும் என்றான். அப்பாவின் கருத்தும் பழையதுதான். “காது மிஷினா? அது கேக்குறதுக்கு இல்ல. கேக்கலைன்னு ஊருக்குச் சொல்றதுக்கு.”

வழக்கைத் தீர்த்தது வில்ச்சரின் பிற்கால வாழ்க்கை. 1967இல் நிறுவனத்தை விற்றுவிட்ட அவர் செவிக்குறை ஆய்வில் இறங்கினார். ஒலியை மேல், கீழ் எனக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மெல்லொலியை மிகுதியாகவும் வல்லொலியைக் குறைவாகவும் பெருக்கும் முறையை 1973இல் வெளியிட்டார். காப்புரிமை கோரவில்லை. இன்றைய காதொலிக்கருவிகள் நிற்பது அந்த அடித்தளத்தின்மீது. ஸ்பீக்கர் கட்சியின் தலைவரே, ஒலித்தொடர் ஸ்பீக்கரோடு முடிவதில்லை என்று கண்டுகொண்டார் போலும். இளையவன் இதைப் படித்தபின் வாதாடவில்லை.

அப்பா சோதனைக்கு இசைந்தார். 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு சரிந்திருந்தது. பேச்சுக்கென அமைத்த கருவி, நீண்டொலிக்கும் தம்புராவைத் தன் ஊளையென மயங்கி அடக்கப் பார்க்கும் என்றும், இசைக்குத் தனி அமைப்பு வேண்டுமென்றும் அங்கே அறிந்தோம்.

பிறகு ஒரே தாளில், ஒரே பட்டியலாக எழுதினோம். ரெக்கார்ட் பிளேயர் 13,000. ஆம்ப்ளிஃபயர் 14,000. ஸ்பீக்கர் 26,000. காதொலிக்கருவி இரண்டு 40,000. அறையின் எதிரொலியைத் தணிக்கக் கனத்த திரைச்சீலையும் புத்தக அலமாரியும் 5,000. வயர் 500. முள் தேய்ந்தால் மாற்ற 1,500. கூட்டினால் சரியாக ஒரு லட்சம்.

தாளை அப்பாவிடம் நீட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். நான்காம் வரியில் சற்று நின்றார். பென்சிலை வாங்கி இரண்டு எண்களைத் திருத்தினார்.

“ஸ்பீக்கர்ல ரெண்டாயிரம் கொறைச்சு முள்ளுல போடுங்க. இருநூறு தட்டு இருக்கு.”

நான்காம் வரியை அவர் அடிக்கவில்லை.