மழை இறங்கும் முற்றம்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியப் பொருள் ஒன்றையே எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். நாம் எடுத்துக்கொண்டதோ வீட்டின் பின்புறத்தே கல் பதித்த முற்றம் ஒன்றைப் பற்றிய செய்தி. அன்பர்கள் நகைத்தலும் ஆகும். ஆயினும் நமது குடாநாட்டில் இன்று ஊர்தோறும் புதிய வீடுகள் எழுகின்றன. பல வீடுகளில் படலை முதல் பின்வேலி வரை வளவு முழுவதும் சீமெந்தால் மூடப்படுகின்றது. கூட்டுவதற்குச் சருகு இல்லை, மிதிப்பதற்குச் சேறு இல்லை என்று மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சிக்கு நாம் கொடுக்கும் விலை யாது என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

இல்லத்தின் முன்னிடத்தை 'இல்முன்' என்னாது 'முன்றில்' என மாற்றி வழங்கினர் நம் முன்னோர். இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாக இச்சொல்லை வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லி வருகின்றோம். வீட்டின் பின்புறத்தையோ யாழ்ப்பாணத்தார் 'கோடி' என்பர். முன்றில் விருந்தினரை வரவேற்கும் இடம். கோடி வீட்டார் புழங்கும் இடம். கிணற்றடியும், உரலும், விறகும், வாழையும் உள்ள அவ்விடத்திலேயே வீட்டின் உண்மையான வாழ்வு நடைபெறுகின்றது. பழைய நாற்சார் வீடுகளில் நாற்புறக் கூரைகளின் நீரும் நடுமுற்றத்தில் வந்து விழும். முற்றம் என்றால் மழை விழும் இடம் என்பதே நம்மவர் கருத்தாக இருந்தது.

எமது வீடு வலிகாமத்துச் செம்மண் நிலத்தில் கிழக்கு நோக்கி அமைந்தது. அடுக்களை வாயிலிலிருந்து கிணற்றடிக்குச் செல்லும் வழி மாரிகாலத்தில் வழுக்கு நிலமாகிவிடும். எமது அன்னையார் எண்பதை அணுகுபவர். எவ்வளவு தடுத்தாலும் விடியற்காலையில் தாமே கிணற்றடிக்குச் சென்று முகங்கழுவினாலன்றி அவருக்கு நாள் விடிவதில்லை. அவர் வழுக்கி விழாமல் நடப்பதற்கும், மாலை வேளையில் காற்றாட அமர்வதற்கும் ஓர் இடம் வேண்டும் என்பதே எமது நோக்கம்.

மேசன் வேலையில் நெடுநாட் பழகிய மேத்திரியார் ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், கிணற்றடி வரைக்கும் முழுக்கக் கொங்கிறீற் போட்டுவிடுங்கோ. இருபது வருசத்துக்கு ஒரு கவலையும் இல்லை," என்றார். "விழுகிற மழைத்தண்ணீர் எங்கே போகும், மேத்திரியார்?" என்று வினவினோம். "ஒழுங்கைக்கு ஒரு குழாய் விட்டால் ஓடிவிடும்," என்றார். அவர் கூறியது ஊர் வழக்கமே, அதிற் குற்றமில்லை. ஆனால் அந்த நீர் ஒழுங்கைக்கு ஓடிய பின்னர் எமது கிணற்றுக்கு வருவது எது?

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கியிருக்கும் மழைநீரையே. அந்த நன்னீர், கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலார் கூறும் கணக்கு. மேலே ஓரடி குறையின் கீழே உவர்நீர் நாற்பதடி ஏறிவரும் என்பதும் அக்கணக்கே. புத்தூரை அடுத்த நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலை அறியாதார் யார்?

எமது முற்றத்துக்குக் குறித்த அளவு 20 அடி நீளமும் 15 அடி அகலமும். அஃதாவது 300 சதுர அடி, ஏறத்தாழ 28 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஓர் இலீற்றர் நீராகும். ஒரு நாளில் 50 மில்லிமீற்றர் பெய்தால் இச்சிறு முற்றத்தில் மட்டும் 1,400 இலீற்றர் விழும். ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் எனக் கொண்டால் 33,600 இலீற்றர். இதிற் பெரும்பகுதி ஒக்ரோபர் தொடக்கம் டிசெம்பர் வரையுள்ள மூன்று திங்களில் வருவது. இதனை ஒழுங்கைக்கு ஓட்டுவது அறமன்று என்று தோன்றியது. எனவே, கால் வழுக்காமலும் மழையை மறிக்காமலும் முற்றம் அமைத்தல் வேண்டும் எனத் துணிந்தோம்.

திட்டத்தை மாரியில் வகுத்து, வேலையைப் பங்குனியிற் செய்தோம். மழை பெய்யும் நாட்களிற் குடையுடன் நின்று, நீர் எங்கே தேங்குகின்றது, எப்பக்கம் ஓடுகின்றது என்று பார்த்து முளைகள் அறைந்து வைத்தோம். கோடையில் நிலம் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். மேடு பள்ளத்தை உள்ளபடி காட்டுவது மழை ஒன்றே.

முதலில் எட்டரை அங்குல ஆழத்துக்கு மண்ணை வெட்டி வாழையடியிற் பரப்பினோம். வெட்டிய தரையைத் திமிசுக்கட்டையால் மெல்லென மட்டும் இறுக்கினோம். மிக இறுக்கினால் நீர் இறங்காது. அதன்மேல் முக்கால் அங்குலக் கருங்கற் சல்லியைத் தூள் நீக்கி ஐந்தங்குலம் பரப்பினோம். ஒரே அளவான சல்லியில் ஐந்தில் இரண்டு பங்கு வெற்றிடம் என்பர். ஆகவே ஐந்தங்குலப் படைக்குள் இரண்டங்குல மழை, அஃதாவது 50 மில்லிமீற்றர், தங்கிநின்று மெல்ல மண்ணுக்குள் இறங்கும். அதன்மேல் மணலுக்குப் பதிலாகக் கால் அங்குலச் சிறுசல்லி ஓரங்குலம். மிகுதியில் இரண்டரை அங்குலத் தடிப்புள்ள கற்களைச் சாந்து இன்றி அடுக்கி, கல்லுக்குக் கல் அரை அங்குல இடைவெளி விட்டு, அவ்விடைவெளியையும் சிறுசல்லியால் நிரப்பினோம். ஓரக் கற்களை மட்டும் சீமெந்திற் பதித்தோம். அவை அசையாதிருந்தாலே உள்ளிருப்பன நிலைபெறும்.

வாட்டம் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம். வீட்டிலிருந்து மேற்கு நோக்கி. முற்றத்தின் மேல்மட்டம் வீட்டுத் தளத்துக்கு ஆறங்குலம் தாழ்ந்தே நிற்றல் வேண்டும். அன்றேல் சுவரில் ஈரம் ஏறும். மேற்கு ஓரத்தில் ஓரடி அகல வாய்க்கால் வெட்டி அதனையும் சல்லியால் நிரப்பினோம். கற்களுக்கிடையே இறங்காது மிஞ்சும் நீர் அதன் வழியே தென்னைக்கும் வாழைக்கும் செல்லும். நீரை நேரே கிணற்றுக்குள் விட்டால் என்ன என்று அயலார் ஒருவர் கேட்டனர். அது கூடாது. சுண்ணக்கல் வெடிப்புகள் நீரை வடிப்பன அல்ல. மேலே உள்ள அழுக்கு அப்படியே கீழே போகும். மண்ணின் ஊடாக இறங்கும் நீரே தெளிவடையும்.

வெயிலை எண்ணாது முற்றம் அமைத்தல் வீண். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ற் இறுதியிலும் நண்பகற் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும். அதனினும் கொடியது பிற்பகல் மேற்கு வெயில். எமது கோடி மேற்குப் பக்கம் ஆதலால், மாரியில் வாடையோடு வரும் சாரலை வீடே மறைத்துவிடுகின்றது. கோடையிற் சோழகக் காற்றும் தடையின்றி வருகின்றது. பிற்பகல் வெயில் ஒன்றே பகை. அங்கு முன்னரே நின்ற வேம்பு பாதி நிழலைத் தந்தது. மீதிக்குப் பனங்கப்புகள் நான்கு நிறுத்தி, வளை ஏற்றி, கொடித்தோடையைப் படரவிட்டோம். கப்புகளை மண்ணிற் புதைத்தாற் கறையான் அரிக்கும் என்பதால் சீமெந்துக் கட்டைகளின்மேல் நிறுத்தினோம். கற்களும் கருநிறமின்றி வெளிறிய சாம்பல் நிறத்தில், மேற்புறம் சொரசொரப்பாக உள்ளனவாய்த் தேர்ந்தோம். பளபளப்பான தரையில் மாரிப்பாசி படிந்தால் இளையோரும் வீழ்வர்.

வேலை முடியும் தறுவாயில் அன்னையார் வந்து பார்த்தார். வேம்பின் அடிவரை கல் அடுக்குவதற்கு நூல் கட்டியிருந்தோம். "தம்பி, கொஞ்ச மண்ணை மண்ணாக விடு. முதல் மழைக்கு மண் மணக்க வேண்டாமோ?" என்றார். மேத்திரியார் எம்மைப் பார்த்தார். நாம் நூலை அவிழ்க்கச் சொன்னோம். வேம்பைச் சுற்றி மூன்றடி வெறும் மண்ணாகவே இருக்கின்றது. வேரும் மூச்சு விடுதல் வேண்டும் என்பது பயிர் நூல். மண் மணத்தல் வேண்டும் என்பது அன்னையார் நூல். இரண்டும் ஒன்றையே கூறின.

ஐப்பசி மழை வந்தபோது, கற்களின்மேல் விழுந்த நீர் ஓசையின்றி மறைவதைக் கண்டோம். மழை விட்டுச் சிறிது நேரத்தில் முற்றத்தில் தேங்கிய நீர் இல்லை. தேங்கிய நீர் ஒரு கிழமை நின்றாலே டெங்கு நுளம்பு பெருகிவிடும் ஆதலால் இது சிறு பயன் அன்று. அதன்பின் இரண்டு மாரிகள் கடந்துவிட்டன. இடைவெளிகளிற் புல் முளைக்கின்றது. மாதம் ஒருமுறை அரைமணி நேரம் குந்தியிருந்து பிடுங்குகின்றோம். ஆண்டுக்கு ஒருமுறை சிறுசல்லி நிரப்புகின்றோம். கொங்கிறீற்றிலும் கூலி சற்று மிகுதியாயிற்று என்பதையும் மறைக்கவில்லை. மேத்திரியார் இப்பொழுது பிறர் வீட்டாரை அழைத்து வந்து இதனைக் காட்டுகின்றார். அன்னையார் விடியற்காலையில் தடியூன்றி இக்கற்களின்மேல் நடந்தே கிணற்றடிக்குச் செல்கின்றார்.

எமது முற்றம் ஒன்றினாற் கிணறு நிறைந்துவிட்டது என்று கூறோம். ஆனால் இத்தகைய முற்றங்கள் ஓர் ஊரில் நூறு இருப்பின், அவற்றின்மேல் ஆண்டுக்கு முப்பத்துமூன்று இலட்சம் இலீற்றருக்கு மேல் மழை விழும். அதிற் பாதி ஆவியாயினும் மிகுதி பெரிதன்றோ? நூறு வளவுகளையும் சீமெந்தால் மூடினால் அத்தனையும் ஒழுங்கையில் ஓடித் தாழ்ந்த நிலத்தாரின் வாயிலில் நிற்கும். 2008ஆம் ஆண்டு நவெம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். ஊரில் உள்ள தாய் தந்தையர்க்காகவும், தாம் ஒருநாள் திரும்பி வந்து இருப்பதற்காகவும் அன்போடு வீடு கட்டுகின்றனர். தொலைவில் இருந்து பணம் அனுப்புவோர், "வளவு முழுதும் துப்புரவாகப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிடுதல் எளிது. அவர்களிடம் எமது வேண்டுகோள் ஒன்றே. நடப்பதற்கு வேண்டிய இடத்துக்குக் கல் பதியுங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே மழைக்கு வழி விடுங்கள். எஞ்சிய நிலத்தை மண்ணாகவே விடுங்கள்.

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் திருவள்ளுவர். அவ்வதிகாரத்தை இக்கல்லூரியில் மனனஞ் செய்த மாணவர்கள், வீடு கட்டும்போதும் அதனை நினைவுகூர்வார்களாயின் ஆசிரியராகிய எமக்கு அதனினும் மகிழ்ச்சி வேறில்லை.